கலங்கின தண்ணிக்குக் கீழே ஒரு புல்வெளி

நான் படிக்கிறது பி.காம். கடற்புல்லுக்கும் டெபிட், கிரெடிட்டுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கலாம். இருக்கு, வாங்க.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை மறக்க முடியுமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. குறுக்குத்துறை முருகன் கோயில் மூழ்குவது எங்களுக்குப் பழகின காட்சிதான். அந்தத் தடவை எங்க தெருவும் மூழ்கியது. வீட்டுக்குள் வந்த சகதியை அள்ளிக் கொட்டவே நாலு நாள் ஆச்சு.

பொங்கல் லீவில் புன்னைக்காயலில் நண்பன் வீட்டுக்குப் போனேன். தாமிரபரணி கடலில் சேருகிற ஊர். "மாமா, அவ்வளவு சகதியும் இங்கதான வந்திருக்கும்?" என்று அவன் அப்பாவிடம் கேட்டேன்.

"பின்ன எங்க போவும்? இப்பதான் தெளியுது. அடியில புல்லு கெடக்குல்லா, அதுக்கும் வெயில் வேணும்ல தம்பி" என்றார்.

கடலுக்குள் புல்லா! ஊருக்கு வந்து தேடித் தேடிப் படித்தேன். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி இதுதான் புல்வெளி. ஆவுளியா என்கிற கடல்பசு மேய்வது இதைத்தான். பாசி இல்லை இது. வேர், தண்டு, பூ எல்லாம் உண்டு. தண்ணீர்ப் பரப்பில் விழும் வெளிச்சத்தில் சராசரியாகப் பத்து சதவீதத்துக்கு மேலாவது அடித்தரைக்குப் போய்ச் சேர வேண்டும். தெளிந்த கடலில் பல மீட்டர் ஆழத்திலும் அது கிடைக்கும். ஆற்று வண்டல் கலந்துவிட்டால் கொஞ்ச ஆழத்திலேயே இருட்டு. அதனால் முகத்துவாரத்துப் பக்கம் ஆழம் குறைந்த இடத்தில்தான் புல்லுக்குப் பிழைப்பு.

இப்ப நம்ம பாடம். வெளிச்சம்தான் அன்றாட வசூல். ஹாலோபிலா என்ற சின்ன இலைப் புல் பெட்டிக்கடை மாதிரி, கையிருப்பே கிடையாது. சில வாரம் இருட்டானால் கடையைச் சாத்திவிடும். ஆனால் மண்ணில் கிடக்கும் விதையிலிருந்து சீக்கிரமே முளைத்துவிடும். எனாலஸ் என்பது நாடா மாதிரி நீள இலை. மண்ணுக்கடியில் தடித்த தண்டில் மாவுச்சத்தைச் சேர்த்து வைத்திருக்கும் பெரிய முதலாளி. மாசக்கணக்கில் தாங்கும், திவாலானால் எழுந்திருக்க வருஷக்கணக்காகும். ஆக, எந்தப் புல் மிஞ்சும் என்பது இருட்டு எத்தனை நாள் நீடிக்கிறது என்பதைப் பொறுத்தது.

இலை தயாரிக்கிற ஆக்ஸிஜன்தான் வேருக்கும் போகிறது. அது குறைந்தால் சேற்றிலுள்ள சல்பைடு (அழுகின முட்டை நாத்தம் அடிக்குமே, அதேதான்) வேருக்குள் ஏறிவிடும்.

வெள்ளம் புல்லுக்குப் புதுசில்லை. வடிந்தால் தெளிந்துவிடும். சாக்கடை அப்படியில்லை. அதிலுள்ள சத்தைத் தின்று பாசி கொழுத்து இலை மேல் படரும். மழையே இல்லாத மாசத்திலும் நிழல். வசூல் பத்து நாள் படுத்தால் சமாளிக்கலாம், தினமும் குறைந்தால் எந்தக் கடை தாங்கும்?

எங்க தெருச் சாக்கடை எங்கே போய்ச் சேருதுன்னு அன்னைக்கு முதல் தடவையா அப்பாட்ட கேட்டேன்.

"ஆத்துக்குத்தான். வேற எங்க?" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் புரட்டினார்.