இல்லாததைக் காட்டும் கண்ணாடி

பாரிஸுக்குப் போகிறவர்கள் ஐஃபல் கோபுரத்தில் ஏறுவார்கள், லூவர் மாளிகையில் மோனா லிஸாவைப் பார்ப்பார்கள், பிறகு, "அப்பாடா, கால் வலிக்கிறது!" என்று ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்துவிடுவார்கள். வீட்டிலிருந்தபடியே வருகிற நமக்கு அந்தத் தொல்லை இல்லையே! இன்னும் சற்று நடப்போம்.

ஸீன் நதியின் இடது கரையில், ஆஸ்டர்லிட்ஸ் ரயில் நிலையத்தின் அருகே ஒரு பெரிய தோட்டம். 1635-ல் மன்னரின் மூலிகைத் தோட்டமாகத் தொடங்கியது. அதன் மேற்குக் கோடியில் இருக்கிறது பரிணாம மண்டபம். 1889-ல் திறந்த இந்தக் கட்டடத்தை 1965-ல் மூடிவிட்டார்கள். பழுது பார்த்து, 1994-ல் மறுபடியும் திறந்தார்கள்.

உள்ளே நுழைந்ததும் பிரமித்து நிற்போம். யானை, ஒட்டகச் சிவிங்கி, வரிக்குதிரை எல்லாம் வரிசையாக, ஏதோ கல்யாண ஊர்வலம் போல் நடந்து போகின்றன! ஒன்றுக்கும் உயிர் இல்லை. அத்தனையும் பாடம் செய்த உடல்கள்.

இங்கே நம் நாட்டுக்காரர் ஒருவரும் இருக்கிறார். வங்காளத்துச் சந்திரநாகூரிலிருந்து பதினைந்தாம் லூயி மன்னருக்குப் பரிசாகக் கப்பலேறி, 1770-ல் வெர்ஸேல்ஸ் அரண்மனைக்கு வந்து சேர்ந்த காண்டாமிருகம்! இரண்டு மன்னர்களையும் ஒரு புரட்சியையும் பார்த்துவிட்டு 1793-ல் கண்ணை மூடியது.

பக்கத்தில் வெளிச்சம் குறைந்த ஓர் அறை. உலகத்தை விட்டே போய்விட்ட பிராணிகள் கண்ணாடிப் பெட்டிகளில் நிற்கின்றன. குவாகா என்ற அரைவரிக் குதிரை, டாஸ்மேனியப் புலி. இவற்றைப் பார்க்கும்போது, "ஐயோ, இது ஒரே ஒரு தடவை தலையைத் திருப்பாதா!" என்று யாருக்குத்தான் தோன்றாது?

2021-ல் அந்த ஆசையை நிறைவேற்ற இந்த மண்டபத்தார் ஒரு ஏற்பாடு செய்தார்கள். வந்தவர்களின் தலையில் 'ஹோலோலென்ஸ்' என்ற கருவியை மாட்டினார்கள். அதன் கண்ணாடி வழியே அறையும் தெரியும், பக்கத்தில் நிற்பவரும் தெரிவார். கருவியிலுள்ள காமிராக்கள் தரை எங்கே, சுவர் எங்கே என்று ஓயாமல் அளக்கின்றன. அந்த அளவுக்கு ஏற்பக் கண்ணாடியில் ஒளிச் சித்திரம் விழுகிறது. சுவரருகே நீந்தி வருகிறது ஸ்டெல்லர் கடற்பசு!

அதன் கதை பரிதாபமானது. 1741-ல் கப்பல் உடைந்து பேரிங் தீவில் ஒதுங்கிய ஸ்டெல்லர் என்ற விஞ்ஞானி அதைக் கண்டு எழுதி வைத்தார். ஏழெட்டு மீட்டர் நீளமுள்ள சாதுவான பிராணி. மாமிசத்துக்காக வேட்டையாடினார்கள். 1768-க்குள், இருபத்தேழே வருஷத்தில், பூண்டோடு அழிந்துவிட்டது. எலும்பையும் குறிப்பையும் வைத்துக்கொண்டு அதை மீண்டும் நீந்த வைப்பது சித்திரக்காரனுக்குக் கிடைத்த பெரிய வரம் அல்லவா? சினிமாத் திரையில் பார்ப்பது வேறு; நாம் நிற்கிற அறையிலேயே, அதன் முழு அளவில் பார்ப்பது வேறு.

ஆனால் வரத்தோடு தொல்லைகளும் உண்டு. கருவியின் எடை 566 கிராம். அரைக் கிலோவுக்கு மேல் தலையில் சுமக்க வேண்டும். அதன் சித்திரம் நம் பார்வையின் நடுவே ஒரு ஜன்னல் அளவுக்குத்தான் விழும். கடற்பசு நெருங்கி வந்தால் தலை தெரியும், வால் தெரியாது! ஒளியால் வரைவதால் கன்னங் கறுப்பு என்ற நிறமே அதற்கு வராது; கறுப்பு இருக்க வேண்டிய இடத்தில் பின்னாலுள்ள சுவர் தெரியும். வெயிலில் கொண்டுபோனால் சித்திரமே வெளிறிவிடும்.

இவற்றை விடப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. எலும்பு உண்மை, அதன் மேல் போர்த்திய தசையும், அசைவும், குரலும் அறிஞர்களின் ஊகம். கண்ணாடியோ இரண்டையும் ஒரே தெளிவோடு காட்டுகிறது. எது கண்டது, எது கற்பனை என்று பார்க்கிற குழந்தைக்கு எப்படித் தெரியும்? கூட வந்த பெரியவர்கள்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். அதோடு, போன பிராணியை இவ்வளவு சுலபமாக வரவழைக்கலாம் என்றால், இருக்கிற பிராணி போனால் என்ன என்ற அலட்சியமும் மனத்தில் புகுந்துவிடலாம்.

வேடிக்கையைக் கேளுங்கள். 2019-ல் 3,500 டாலர் விலையில் வந்த அந்த ஹோலோலென்ஸின் உற்பத்தியை மைக்ரோஸாப்ட் கம்பெனி 2024-ல் நிறுத்திவிட்டது. கடற்பசுவுக்காவது இருபத்தேழு வருஷம் கிடைத்தது. கருவிக்குக் கிடைத்தது ஐந்தே வருஷம்!

இத்தகைய கண்ணாடி எந்த ஊரில் கிடைத்தாலும் அவசியம் போட்டுப் பாருங்கள். பார்த்தபின் கழற்றிவிட்டு, சந்திரநாகூர் காண்டாமிருகத்தைப் போல் ஏதாவது ஒன்றின் அருகே ஐந்து நிமிஷம் சும்மா நில்லுங்கள். அது தலையைத் திருப்பாது. ஆனால் அந்தத் தோல், கப்பலில் வந்த அதே தோல்.