ஆட்டிறைச்சியா, அரிசியா?

எம் அத்தாவுக்குச் சர்க்கரை நோய் கண்டதும் முதற்பழி ஆட்டிறைச்சியின்மேல் விழுந்தது. இராசபாளையத்து உறவினர் யாவரும் அதனையே சாடினர், நாமும் சாடினோம். இறைச்சி நின்றது. அது நின்ற இடத்தில் இன்னும் இரண்டு அகப்பைச் சோறு ஏறியதை எவரும் நோக்கவில்லை. திருவில்லிபுத்தூர் செல்லுந்தோறும் பால்கோவாவும் வாங்கி வருவார். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம். சர்க்கரை சேர்த்துச் சுண்டக் காய்ச்சிய பால். "பால்தானே!" என்பார்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நாடு முழுவதும் நடந்து, 2025-இல் வெளியான ஆய்வைப் படித்த பின்னரே நமக்கு உறைத்தது. நம் உணவின் ஆற்றலில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறதாம். அதில் 5 விழுக்காட்டைப் பருப்பு, பால், முட்டை, மீன் ஆகியவற்றின் புரதத்துக்கு மாற்றினால் நீரிழிவுக்கான வாய்ப்புக் குறைந்து காணப்படுகிறது. சிவப்பிறைச்சிக்கோ கொழுப்புக்கோ மாற்றினால் அப்பயன் இல்லை. ஆகவே சோற்றை விலக்கிக் கறியைக் குவிக்கும் 'பேலியோ' அன்பர்களும் வெற்றி முழங்க இயலாது!

இவ்வாண்டு நோன்புக் கஞ்சியில் அரிசியைக் குறைத்துப் பாசிப்பருப்பைக் கூட்டச் செய்தோம். அத்தா ஒரு வாய் பருகினார். கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"பள்ளிவாசல் கஞ்சி வாங்கவில்லையா?" என்றார்.