நாலாவது பாட்டு

1962, கலிஃபோர்னியா

மெட்டாலிகா இசைக்குழுவின் 'வெல்கம் ஹோம் (சானிடேரியம்)' ஒரு நாவலில் வேர்விட்ட பாட்டு. மென்லோ பார்க்கில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனை ஒன்று உண்டு. அதன் மனநல வார்டில் இரவு வேலை பார்த்த கென் கேசி, அங்கே கண்டதை வைத்து 'ஒன் ஃப்ளூ ஓவர் த குக்கூஸ் நெஸ்ட்' என்ற அந்த நாவலை எழுதினார். கதையைச் சொல்பவர் டாக்டர் இல்லை. காது கேளாதவராகவும் வாய் பேசாதவராகவும் நடித்தபடி அத்தனையையும் கவனிக்கும் ஒரு நோயாளி. 1975-இல் மிலோஷ் ஃபோர்மன் இதைப் படமாக்கினார். ஐந்து முக்கிய ஆஸ்கர்களும் அதற்கே போயின.

1985 கோடை, எல் செரிட்டோ

மென்லோ பார்க்கைப் போலவே எல் செரிட்டோவும் சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவை ஒட்டிய ஊர்தான். அங்கே ஒரு வாடகை வீட்டின் கராஜில் மெட்டாலிகாவின் நான்கு இளைஞர்கள் புது ஆல்பத்துக்கான ரிஃப்களைக் கோத்துக்கொண்டிருந்தார்கள். வரிகளை எழுதிய ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட், கேசியைப் போலவே பேச்சை நோயாளியிடம் கொடுத்துவிட்டார். வெளியே நின்று பரிதாபப்படும் குரல் பாட்டில் எங்குமே கிடையாது. அதன் நேர்மை அங்கேதான் இருக்கிறது.

1985 செப்டம்பர் – டிசம்பர், கோபன்ஹேகன்

டிரம்மர் லார்ஸ் உல்ரிக் பிறந்த நாடு டென்மார்க். பதிவு நடந்தது அங்குள்ள ஸ்வீட் சைலன்ஸ் ஸ்டூடியோவில், ஃப்ளெமிங் ராஸ்முசென் பொறுப்பில்.

அடைபட்ட மனதை வரிகளை விட அழுத்தமாகச் சொல்வது பாட்டின் கட்டுமானம். முதலில் மணியடிப்பது போன்ற ஹார்மோனிக் ஒலிகள். அடுத்து டிஸ்டார்ஷன் இல்லாத ஒற்றைக் கிடார், ஒரே வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறது. குரல் தணிந்தே ஒலிக்கிறது. பல்லவியில் கிடார்கள் சீறி எழுகின்றன. எழுந்த வேகத்திலேயே அடங்கி, பாட்டு பழைய வட்டத்துக்குள் போய்விடுகிறது. மீறல், மீண்டும் அடைப்பு. இரண்டாவது பல்லவிக்குப் பிறகுதான் அந்தச் சுழற்சி உடைகிறது. வேகம் கூடுகிறது, கர்க் ஹாமெட்டின் கிடார் சோலோ பாய்கிறது, வார்டுக்குள் கலகம் மூள்கிறது. அந்த அமைதியான கிடார் அதற்கப்புறம் திரும்புவதே இல்லை.

1984-இல் வந்த 'ஃபேட் டு பிளாக்' பாட்டுக்கும் ஏறக்குறைய இதே அமைப்புதான். ஆனால் அதில் பேசுபவன் வாழ்க்கையையே கைவிடுகிறான். இதில் வருபவன் எதிர்த்து நிற்கிறான். மெட்டாலிகா இரண்டே ஆண்டில் எட்டிய முதிர்ச்சி இது.

1986

மார்ச் 3-இல் 'மாஸ்டர் ஆஃப் பப்பட்ஸ்' என்ற அந்த ஆல்பம் வெளியானது. அதில் நாலாவது பாட்டு 'சானிடேரியம்'. செப்டம்பர் 27-இல் ஸ்வீடனில் இசைக்குழுவின் பேருந்து கவிழ்ந்து, பேஸ் கிடார் கலைஞர் கிளிஃப் பர்ட்டன் இறந்தார். வயது 24.

1988

அடுத்த ஆல்பத்திலும் நாலாவது இடம் அடைபட்ட ஒருவனுக்கே. 'ஒன்' பாட்டில் கைகால், பார்வை, செவி, பேச்சு எல்லாம் போன போர்வீரனுக்கு அவன் உடம்பே சிறை. இதற்கும் ஊற்று ஒரு நாவல்தான்: டால்டன் ட்ரம்போவின் 'ஜானி காட் ஹிஸ் கன்'. அதை ட்ரம்போவே 1971-இல் படமாக எடுத்திருந்தார். 'ஒன்' பாட்டுக்காக மெட்டாலிகா தன் முதல் மியூசிக் வீடியோவை அந்தப் படத்தின் காட்சிகளைச் சேர்த்தே உருவாக்கியது.