அப்பாவுக்குக் கேட்கும் சத்தம்

என் கணினியின் கேசிங் 11 லிட்டர். பெட்டியை லிட்டரில் அளப்பது வெளியாட்களுக்கு விநோதமாக இருக்கும். ஐந்து கிலோ அரிசிப் பை இரண்டைச் சேர்த்து வைத்தால் வரும் பருமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஒரு 65 வாட் செயலி, அதன் தலைமேல் குட்டையாக ஒரு ஹீட்சிங்க், 92 மில்லிமீட்டர் விசிறி ஒன்று. பெரிய கேசிங் என்றால் இவ்வளவு பாடு இல்லை. ஆனால் எங்கள் மலிவுவிலை வீட்டில் அதற்கு இடம் கிடையாது. டிவி அலமாரிக்கும் அப்பா அறையின் பலகைச் சுவருக்கும் நடுவே இரண்டரை அடியில் என் மேசை. வாரத்தில் மூன்று நாள் அதுதான் அலுவலகம். கட்டடங்களின் ஏர்கோன் குழாய்களுக்குள் காற்று எப்படி ஓடும் என்று கணக்குப் போடுவது என் வேலை. கணக்கு ஓடினால் செயலி கொதிக்கும், விசிறி கத்தும்.

அப்பா 25 வருடம் செம்பனை ஆலையில் பாய்லர் பக்கம் வேலை செய்தவர். இப்போது ஓர் அடுக்குமாடியில் இரவு ஜாகா. காலை ஏழரைக்கு வருவார், குளித்துப் பசியாறி ஒன்பதுக்குப் படுப்பார். நான் கணினியைத் திறக்கும் நேரமும் அதுதான்.

“அவருக்கு எங்க கேக்குது? நீ பாட்டுக்கு வேலையப் பாரு.” இது அம்மா. அப்பாவின் காது எங்கள் வீட்டில் நிரந்தர நகைச்சுவை. கைப்பேசி மணி கேட்காது. ‘சட்டை’ என்றால் ‘கட்டையா?’ என்பார். ஆனால் பதினொரு மணிக்கு எழுந்து வருவார். தண்ணீர் குடிப்பார், என் மேசையை ஒரு பார்வை பார்ப்பார், திரும்பப் போய்ப் படுப்பார். பன்னிரண்டரைக்கு மறுபடியும். ஒன்றும் சொல்லமாட்டார். இப்படித் துண்டு துண்டாக நாலு மணி நேரம் தூங்கிவிட்டு அறுபது வயதில் ஓர் ஆள் இரவெல்லாம் கேட் பக்கத்தில் விழித்திருக்க முடியாது.

போன வருடம் காதுப் பரிசோதனைக்கு அழைத்துப் போயிருந்தேன். கொடுத்த வரைபடம் இன்னும் என் கோப்பில் இருக்கிறது. கோடு இடது பக்கம் நேராக வந்து, 4,000 ஹெர்ட்ஸ் அருகே பள்ளத்தில் விழுகிறது. இரைச்சலில் கெடும் காது பெரும்பாலும் அங்கேதான் முதலில் கெடும். ‘ச’, ‘ஷ’ மாதிரி எழுத்துகளின் கூர்மையெல்லாம் அந்தப் பக்கம். கீழ்ச்சுருதி அப்படியே தங்கிவிடும். இப்போது என் விசிறிக்கு வருவோம். அதற்கு 9 இறக்கை. நிமிடத்துக்கு 2,000 சுற்று என்றால் நொடிக்கு 300 தடவை ஓர் இறக்கை ஒரே இடத்தைக் கடக்கும். அதாவது 300 ஹெர்ட்ஸில் ஒரு ‘ம்ம்ம்’. அப்பாவின் காதில் நன்றாக மிஞ்சியிருக்கும் இடம் சரியாக அதுதான். செவிடு என்று சிரிக்கிறோமே, எந்தச் சத்தத்துக்குச் செவிடு என்று யாரும் கேட்பதில்லை.

அவர் ஆலையில் இருந்த காலம் முழுக்க நடப்பில் இருந்தது 1989-ஆம் ஆண்டு விதிமுறை. எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் வரை அனுமதி. 2019-இல் வந்த புது விதிமுறை அதை 85 ஆக்கியது. ஐந்து எண்தானே என்று தோன்றும். டெசிபல் கணக்கில் 3 கூடினாலே ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்கு, 5 என்றால் மூன்று மடங்குக்கு மேல். அப்பா ஆலையை விட்டது 2018. காதடைப்பான் கொடுத்தார்களாம். பையில் போட்டுக்கொள்வாராம். “காத அடைச்சிட்டா பேன் பேசறது எப்படிம்மா கேக்கும்?” என்றார். அப்போது அதை வெறும் பேச்சாக எடுத்துக்கொண்டேன்.

விசிறிச் சத்தத்தைக் குறைப்பதில் பெரிய மர்மம் ஒன்றுமில்லை, பல்கலைக்கழக இரண்டாம் ஆண்டுப் பாடம்தான். வேகத்தைப் பாதியாக்கினால் காற்று பாதியாகும், ஆனால் சத்தம் ஏறத்தாழ 15 டெசிபல் இறங்கும். விட்டத்தைப் பெரிதாக்கினால் காற்றின் அளவு மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 92-க்குப் பதில் 120 மில்லிமீட்டர் விசிறி போட்டால், பாதிக்கும் குறைவான வேகத்தில் அதே காற்று கிடைக்கும். என் கேசிங்கில் வழக்கமான 25 மில்லிமீட்டர் தடிமன் நுழையாது. நொக்டுவாவின் 15 மில்லிமீட்டர் மெலிந்த விசிறியும், அதைத் தாங்கும் ஹீட்சிங்க் ஒன்றும் வாங்கினேன். அந்த மண்நிறத்தைப் பார்த்து, “ஏம்மா, பழசு வாங்கினியா?” என்றார் அம்மா. விலையை நான் சொல்லவில்லை.

செலவில்லாத வேலைகள்தான் அதிகம் பலன் தந்தன. பக்கத் தகட்டின் துளைகள் இறக்கைக்கு மிக நெருக்கம், காற்று அங்கே கிழிபட்டுத்தான் உள்ளே போனது. நடுவில் ஒரு சட்டம் வைத்துப் பத்து மில்லிமீட்டர் இடைவெளி கொடுத்ததும் அந்த ஊளை போய்விட்டது. மேசைப் பலகை அதிர்வை வாங்கி மத்தளம் மாதிரி பெருக்கிக்கொண்டிருந்தது. பழைய சிலிப்பரை நான்காக வெட்டிக் காலுக்குக் கீழே வைத்தேன். செயலியின் மின் வரம்பை பயோஸில் 88 வாட்டிலிருந்து 60-க்கு இறக்கினேன். 41 நிமிடத்தில் முடிந்த கணக்கு 46 நிமிடம் எடுத்தது. அந்த ஐந்து நிமிடத்தில் நான் தேநீர் கலக்கிக்கொள்கிறேன்.

இந்த விஷயத்தில் ஐரோப்பியர்கள் எழுதும் மதிப்பீடுகளை அப்படியே நம்பக்கூடாது. அவர்கள் அறை 20, 22 பாகை. மத்தியானம் எங்கள் கூடம் 32. செயலி அறையைவிட 45 பாகை சூடேறும் என்றால் அங்கே 65-இல் நிற்பது இங்கே 77-இல் நிற்கும். அவர்களின் விசிறி தூங்கும் இடத்தில் நம் விசிறி ஓடியே ஆகவேண்டும். சத்தமே இல்லாத கணினி என்பது ஏர்கோன் அறைக்காரர்களின் ஆசை.

இவ்வளவுக்குப் பிறகும் பதினொரு மணிக்குக் கதவு திறந்தது. கைப்பேசிச் செயலியில் சத்தம் முன்பைவிட வெகுவாகக் குறைந்திருந்தது. அப்பாவின் தலைக்குமேல் ஓடும் கூரை விசிறியோ பத்து வருடமாக ‘டக், டக்’ என்று ஆடுகிறது. அதன் கீழே நிம்மதியாகத் தூங்குகிறவர் இதற்கு ஏன் எழவேண்டும்? நேரடியாகவே கேட்டேன்.

“சத்தம் இருந்தா என்னா, தூங்கிடுவேன். சத்தம் மாறுதும்மா.”

பிறகு, கேட்காமலே, பாய்லரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். செம்பனை நாரும் ஓடும்தான் எரிபொருள். புகையை இழுக்க ஒரு பெரிய விசிறி, அதை ‘ஐடி பேன்’ என்பார்களாம். மீட்டரைப் பார்க்கவே வேண்டாம், அந்த விசிறியின் குரல்தான் மீட்டர். குரல் ஏறினால் ஒன்று, இறங்கினால் ஒன்று. இரவு ஷிப்டில் உட்கார்ந்தபடியே கண் அயர்வாராம். குரல் மாறினதும் கால் தானாகத் தரையில் ஊன்றிக்கொள்ளுமாம். “இப்பவும் அப்படித்தான். எந்திரிச்சப் பொறவுதான் இது உன் பொட்டின்னு தெரியுது.”

என் விசிறி செய்துகொண்டிருந்தது அதேதான். சாதாரணமாக ஒரு கோப்பைத் திறந்தாலே செயலியின் சூடு ஒரு நொடியில் 20 பாகை எகிறும். விசிறி பின்னாலேயே ஓடும், ஏறும், இறங்கும். பல கணினிகள் கடையிலிருந்து வரும்போதே இப்படித்தான். சூடு தாவினாலும் உலோகம் அவ்வளவு சீக்கிரம் சூடாவதில்லை, அதனால் விசிறி அவசரப்பட வேண்டிய தேவையே கிடையாது. பயோஸில் அந்த வளைகோட்டை அழித்து, 80 பாகைவரை ஒரே வேகம் என்று தட்டையாகக் கோடு போட்டேன். அதற்குமேல் போனால்கூட மெதுவாகத்தான் ஏறும்.

எந்த வேகம் என்பதை அப்பாதான் தேர்ந்தெடுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கட்டிலில் படுத்துக்கொள்ள, நான் 900, 1,050, 1,300 என்று மாற்றி மாற்றி ஓடவிட்டேன். 900-ஐச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். “நடுவுல உள்ளது. ரோட்டுல லோரி போறத இது கொஞ்சம் மறைக்கிது.” எனவே 1,050. கணக்கு ஓடும்போது செயலி 78 பாகையில் நிற்கிறது, அது தாங்கக்கூடிய சூடுதான். மாதம் ஒருமுறை தூசு தட்டவேண்டும். பிரதான சாலையோர வீடு, விட்டால் துளையெல்லாம் அடைத்துக்கொண்டு சூடு 80-ஐத் தாண்டிவிடும்.

இப்போது இரண்டு மணிவரை கதவு திறப்பதில்லை. சில நாள் மூன்று. புகார் வேறு பக்கத்திலிருந்து வருகிறது. விசிறி அடங்கியதும், செயலிக்கு மின்சாரம் கொடுக்கும் சுருள்களிலிருந்து கிளம்பும் மெல்லிய கீச்சொலி வெளியே தெரிய ஆரம்பித்திருக்கிறது. “கொசு மாதிரி ஙீன்னு கேக்குதுக்கா, எப்படி உக்காந்திருக்க?” என்கிறான் தம்பி. பதினேழு வயது, எல்லாம் கேட்கும். அப்பாவைக் கூப்பிட்டுப் பெட்டியருகே காதை வைக்கச் சொன்னான். அவர் குனிந்து சற்று நேரம் கேட்டார்.

“ஒன்னுமில்லயேடா. பேன் நல்லாத்தான் ஓடுது.”