பின்னேரத்தை நீட்டியவர்கள்

மார்ச் மாதக் கடைசி ஞாயிறு அதிகாலை, பிரித்தானியாவில் 1 மணியான கையோடு மணிக்கூடு 2 மணிக்குத் தாவிவிடுகிறது. ஒரு மணி நேரத் தூக்கம் போச்சே என்று அலுத்துக்கொள்பவர்கள்தான் என்னைச் சுற்றி அதிகம். எனக்கோ தைப்பொங்கலுக்கு அடுத்தபடியாகப் பிடித்த நாள் அது. வேலை முடிந்து வீடு வந்த பிறகும் வெயில் மிச்சமிருக்கும் காலம் அன்றைக்குத்தான் தொடங்குகிறது. ஜூன் 21 அளவில் லண்டனில் சூரியன் மறைய இரவு 9.20 தாண்டிவிடும். பிள்ளைகள் பூங்காவில் பந்தடிப்பார்கள். பின்வளவில் மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் விட்டபடி அயலவரோடு ஆறுதலாகக் கதைக்கலாம். இந்தப் பின்னேரத்தை எங்களுக்கு வாங்கித் தந்தது யார் என்று தேடத் தொடங்கினேன்.

விசாரித்த இடமெல்லாம் இரண்டு பதில்கள்தான் கிடைத்தன: பெஞ்சமின் பிராங்கிளின் கண்டுபிடித்தார், விவசாயிகளுக்காகச் செய்தார்கள். இரண்டும் நிற்கவில்லை. பிராங்கிளின் 1784இல் பாரிஸ் பத்திரிகை ஒன்றுக்கு எழுதியது ஒரு வேடிக்கைக் கடிதம். பகலிலும் சன்னல் கதவைச் சாத்தி வைத்திருப்போருக்கு வரி, மெழுகுவர்த்திக்குப் பங்கீடு, விடிந்ததும் ஊரை எழுப்பப் பீரங்கி வெடி என்று அடுக்கிக்கொண்டு போகிறாரே தவிர, மணிக்கூட்டைத் தொடவேயில்லை. விவசாயிகள் பக்கம் கதை நேர் எதிர். மாடு மணி பார்த்துப் பால் தராது. பனி காயாமல் வைக்கோலில் கை வைக்க முடியாது. அமெரிக்காவில் இந்த ஏற்பாட்டை முன்னின்று எதிர்த்தவர்களே அவர்கள்தான். 1919இல் ஜனாதிபதி வில்சனின் மறுப்பையும் மீறி அமெரிக்கக் காங்கிரஸ் அதை ரத்துச் செய்தது.

தேடல் என்னை இழுத்துக்கொண்டு போய் நிறுத்திய இடம் நியூசிலாந்து. வெலிங்டன் தபால் கந்தோரில் ஜோர்ஜ் ஹட்சன் என்றொரு ஊழியர் இருந்தார். லண்டனில் பிறந்தவர். பூச்சிகள் மேல் தீராத மோகம். முறை மாறி வரும் வேலை என்பதால் பகலில் கிடைக்கும் ஓய்வு நேரத்தில் வலையோடு காட்டுக்குப் போய்விடுவார். அந்த வெளிச்சத்தின் அருமை தெரிந்ததால், 1895இல் வெலிங்டன் தத்துவக் கழகத்தின் முன் ஒரு கட்டுரை வாசித்தார்: கோடையில் மணிக்கூட்டை 2 மணி நேரம் முன்னே தள்ளுவோம். சபை அதைப் பொருட்படுத்தவில்லை. அவர் சோரவில்லை, 1898இல் மறுபடி எழுதினார். அந்த இரண்டாம் கட்டுரையைப் படித்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வேலை முடிந்த பிறகு கிரிக்கெட் விளையாடலாம், தோட்டம் பார்க்கலாம், சைக்கிள் ஓடலாம் என்கிறார். போரில்லை, நிலக்கரியில்லை, உழைக்கும் மனிதருக்கு வெளிச்சத்தோடு ஒரு பின்னேரம் வேண்டும், அவ்வளவுதான் கோரிக்கை. 1927இல் நியூசிலாந்து கோடை நேரச் சட்டம் கொண்டு வந்தபோது அவர் உயிரோடு இருந்தார். அவர் சேர்த்த பூச்சிகள் இன்று வெலிங்டனின் தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

இங்கிலாந்தில் இதே எண்ணம் வேறொருவருக்குத் தனியாகவே உதித்தது. வில்லியம் வில்லெட், வீடு கட்டும் தொழிலில் பெயர் பெற்றவர். லண்டனின் தென்கிழக்கே சிசில்ஹர்ஸ்ட்டில் குடியிருந்தார். கோடை விடியலில் பக்கத்துப் பெட்ஸ் வுட் காட்டில் குதிரைச் சவாரி போவார். நன்றாக விடிந்த பிறகும் வழிநெடுக வீடுகளின் சன்னல் திரைகள் மூடியே கிடக்கும். 1907இல் தன் செலவில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். அவர் சொன்ன முறை எனக்கு மிகவும் பிடித்தது: ஏப்ரல் மாதத்து நான்கு ஞாயிறுகளில் ஒவ்வொரு முறையும் 20 நிமிடம், மொத்தம் 80 நிமிடம் முன்னே, செப்டெம்பரில் அதே போலப் பின்னே. உடம்புக்குத் தெரியாமலே மாறிவிடும். விளக்குச் செலவில் நாட்டுக்கு ஆண்டுக்கு 25 இலட்சம் பவுணுக்கு மேல் மிச்சம் என்று கணக்கும் காட்டினார். ஆனால் நூலின் தொடக்கத்தில் அவர் பேசுவது நீண்ட பின்னேரங்களை எல்லோரும் விரும்புவதைப் பற்றி. பணம் அதற்குப் பிறகுதான். 1908இல் நாடாளுமன்றத்துக்கு மசோதா வந்தது. சேர்ச்சில் ஆதரித்தும் அது தேறவில்லை. வில்லெட் 1915இல் இறந்துபோனார்.

பெட்ஸ் வுட்டுக்கு ரயிலேறிப் போனேன். நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மதுச்சாலையின் பெயரே 'டேலைட் இன்'. காட்டுக்குள் 1927இல் அவர் நினைவாக நட்ட கல்தூணில் ஒரு சூரிய மணிக்கூடு இருக்கிறது. அதன் எண்கள் கோடை நேரத்துக்கே பொறிக்கப்பட்டவை. கோடை மணிகளை மட்டுமே எண்ணுவதாக அதில் இலத்தீனில் எழுதியிருக்கிறது. இந்தக் காட்டைக் கட்டடங்கள் விழுங்கிவிடாமல் காத்ததும் அவர் பெயரால் பொதுமக்கள் திரட்டிய பணம்தான்.

அவர் கேட்டது அவர் இறந்த மறு ஆண்டே நடந்தது. 1916 ஏப்ரல் 30இல், உலகப் போருக்கு நடுவே, ஜெர்மனி நிலக்கரியை மிச்சம் பிடிக்க மணிக்கூட்டை முன்னே வைத்தது. மே 21இல் பிரித்தானியாவும் வைத்தது. அன்றிலிருந்து இந்த ஒரு மணி நேரத்துக்குச் சிக்கனம் என்ற முத்திரை விழுந்துவிட்டது. பூச்சி பிடித்தவரும் குதிரையேறியவரும் பின்னுக்குப் போய்விட்டார்கள்.

எங்கள் நாட்டுக்கும் அது அந்த முத்திரையோடுதான் வந்தது. 1996இல் மழை பொய்த்து நீர்மின் தேக்கங்கள் வற்றியபோது, மே மாதம் இலங்கை அரசு மணிக்கூட்டை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. ஒக்டோபரில் அரை மணி நேரத்தைத் திருப்பிக் கொடுத்தது. மற்ற அரை மணி நேரம் 2006 ஏப்ரல் வரை நீடித்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் பழைய நேரத்திலேயே இருந்தன. போர்நிறுத்த காலத்தில் இரு பகுதிகளுக்கும் எல்லையாக இருந்த ஓமந்தையைக் கடந்தால் அரை மணி வித்தியாசம், எதற்கும் "புது நேரமா, பழைய நேரமா?" என்று கேட்டுத்தான் ஆகவேண்டும். அந்த மாற்றத்தில் ஒருவரும் மகிழ்ந்ததாக எனக்கு நினைவில்லை. காரணம் லண்டனில் இருந்து பார்த்தால் தெளிவாகிறது. இங்கே நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஏறக்குறைய 9 மணி நேர வித்தியாசம். ஜூனில் பழைய நேரப்படி அதிகாலை 4 மணிக்கு முன்பே விடிந்து, அந்த வெளிச்சம் தூங்குகிறவர்களின் தலைமேல் வீணாகக் கொட்டும். அதில் ஒரு பிடியை எடுத்துப் பின்னேரத்துக்குக் கொடுக்கலாம். இலங்கையில் அந்த வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். எடுக்க அங்கே உபரி இல்லை. 1996இல் சூரியன் உதிக்கவே 7 மணியை நெருங்கியது.

உபரி இல்லாத பருவத்தில் எடுக்கப் பார்த்து பிரித்தானியாவும் ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டது. 1968 முதல் 1971 வரை குளிர்காலத்திலும் கோடை நேரத்தையே வைத்திருந்தார்கள். ஸ்கொட்லாந்தின் வடக்கே காலை 10 மணியளவில்தான் விடிந்தது. 1970 டிசம்பரில் 366க்கு 81 என்ற வாக்குகளில் நாடாளுமன்றம் அதைக் கைவிட்டது. ஹட்சனும் வில்லெட்டும் கேட்டது கோடையில் மட்டும் எடுத்து, கோடை முடியத் திருப்பித் தருவதைத்தான். ஆண்டு முழுவதும் ஒரே நேரம் போதும் என்று ஐரோப்பிய நாடாளுமன்றம் 2019இல் வாக்களித்தும் அது நடைமுறைக்கு வரவில்லை. வராமலே இருக்கட்டும் என்பதுதான் என் விருப்பம்.