நடுவில் நிற்கும் தகடு

காணிப்பாக்கத்தில் ஒரே கூரையின்கீழ் இரண்டு மொழிகள் புழங்குவது புதிதன்று. 1953இல் ஆந்திரம் தனி மாநிலமானபோது சித்தூர் மாவட்டம் அதனோடு சென்றது. 1960இல் எல்லையைத் திருத்தியபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது; காணிப்பாக்கம் திரும்பவில்லை. ஊரின் பெயர் மட்டும் இன்றும் தமிழ்க் காதுக்குத் தமிழாகவே ஒலிக்கிறது.

கோயிலுக்குச் செல்லும் சாலையோரத்தில் மோட்டார் சுற்றும் பட்டறை வைத்திருப்பவரின் மகள், இண்டர்மீடியட் இரண்டாம் ஆண்டு மாணவி. தந்தையின் மொழி தெலுங்கு, தாயின் மொழி தமிழ், பாடப்புத்தகத்தின் மொழி ஆங்கிலம். இயற்பியல் தேர்வில் அவளுக்கு வந்த கணக்கு எளிமையானது: 3 மைக்ரோ ஃபாரட், 6 மைக்ரோ ஃபாரட் அளவுள்ள இரு மின்தேக்கிகள் தொடராக இணைக்கப்பட்டு, 9 வோல்ட் மின்கலத்தோடு சேர்க்கப்படுகின்றன, ஒவ்வொன்றிலும் உள்ள மின்னூட்டம் என்ன?

தொகுபயன் 2 மைக்ரோ ஃபாரட் என்று அவள் சரியாகவே கண்டாள். அதை 9 வோல்ட்டால் பெருக்கி 18 மைக்ரோ கூலும் என்றும் கண்டாள். பிறகு அந்தப் பதினெட்டைப் பிரித்துச் சிறியதற்கு 6, பெரியதற்கு 12 என்று எழுதினாள். மதிப்பெண் போயிற்று. இயற்பியலே தனக்கு வராது, அடுத்த ஆண்டு வேறு படிப்புக்குப் போய்விடலாம் என்ற முடிவோடு அன்று வீடு திரும்பினாள்.

அவள் செய்த பிழை மந்தபுத்தியின் பிழையன்று. சொல்லை நம்பியதால் வந்த பிழை. ‘மின்தேக்கி’ என்றதும் ஏரியும் மதகும் மனத்தில் எழுகின்றன. பெரிய ஏரி மிகுதியாகத் தேக்கும், சிறியது குறைவாகத் தேக்கும். ஆகவே வந்த நீரைக் கொள்ளளவின்படி பங்கிடுவதே முறை. பக்க இணைப்பில் இந்த உவமை பழுதின்றி ஓடும். தொடரிணைப்பில் அதுவே ஆளைக் கவிழ்த்துவிடும். தெலுங்குச் சொல்லும் அவளுக்குக் கைகொடுக்கவில்லை. மின்னூட்டத்தைத் தெலுங்கில் ‘ஆவேசம்’ என்பர். அவள் உரக்கப் படிக்கும்போதெல்லாம் அடுப்படியிலிருந்த தாய்க்குச் சாமியாட்டமே நினைவுக்கு வந்தது.

பட்டறையில் இந்தப் பொருளுக்கு வழங்கும் பெயர் கண்டன்சர். வோல்டா 1782இல் இட்ட பெயரின் வழித்தோன்றல். ஆங்கிலப் பாடநூல்கள் கைவிட்ட பெயரை விசிறி பழுதுபார்ப்பவர்கள் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். தந்தைக்குச் சூத்திரம் தெரியாது, பலன் தெரியும்.

“ரெண்டரை கண்டன்சர் ரெண்டைப் பக்கத்துல பக்கத்துல போட்டா அஞ்சு. ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு போட்டா ஒண்ணேகால்தான்மா. ஃபேன் சோம்பிப் போயிடும்.”

(காணி என்பதை ஒன்றேகால் ஏக்கர் என்று சொல்லும் தலபுராணத்தைக் கேட்டு வளர்ந்தவள் அவள், அந்த எண்ணைக் கேட்டதும் சிரித்துவிட்டாள்.)

அவர் பழைய கண்டன்சர் ஒன்றை எடுத்து, காப்பிட்ட பிடியுள்ள திருப்புளியால் இரு முனைகளையும் இணைத்து எஞ்சிய மின்னூட்டத்தை இறக்கினார். பின்பு ஓட்டை அறுத்து உள்ளே இருந்த சுருளைப் பிரித்தார். உலோகம் பூசிய மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள் இரண்டு, ஒன்றையொன்று தழுவிச் சுருண்டிருந்தன. ஒன்றின் உலோகம் மற்றதன் உலோகத்தை எங்கும் தொடவில்லை.

“இதுக்குள்ள கரண்ட் எப்படி நைனா தாண்டிப் போகும்?”

“தாண்டாது. இந்தப் பக்கம் ஏத்தினா, அந்தப் பக்கம் இருக்கிறது விலகி ஓடும். அவ்வளவுதான்.”

அவள் கணக்குத் தாளுக்குத் திரும்பினாள். முதல் மின்தேக்கியின் வலத்தகடு, இணைக்கும் கம்பி, இரண்டாவதன் இடத்தகடு ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரு தீவு. இருபுறமும் காப்புப்பொருள், மின்கலத்திலிருந்து அங்கே எதுவும் வந்து சேர வழியில்லை. தொடக்கத்தில் அதன் நிகர மின்னூட்டம் சுழி, முடிவிலும் சுழியே. முதல் தகட்டில் +18 ஏறினால் அதன் எதிரே −18 நின்றாக வேண்டும். அது நின்றால் தீவின் மறுமுனையில் +18 எஞ்சும். அதற்கெதிரே கடைசித் தகட்டில் −18. மின்கலம் தள்ளியது பதினெட்டு மட்டுமே. இரண்டு மின்தேக்கிகளிலும் இருப்பதும் அதே பதினெட்டு. பங்கு போடப்படுவது வோல்ட்தான்: சிறியதன்மேல் 6, பெரியதன்மேல் 3. தாங்கும் வரம்பு இரண்டுக்கும் ஒன்றாயின், மின்னழுத்தம் மிகும்போது முதலில் வெடிப்பது சிறியதே.

பக்க இணைப்பு அவளுக்கு ஐந்து நிமிட வேலை. இரண்டின்மேலும் 9 வோல்ட். ஆகவே 27, 54, கூட்டினால் 81 மைக்ரோ கூலும். ஏரியின் உவமை இங்கே பொருந்துவதை அவளே கண்டு சொன்னாள்.

அதன்பின், பாடநூல்கள் விரும்பி வைக்கும் பொறி ஒன்றில் அவளே கால் வைத்தாள். தொடராக ஏற்றிய இரண்டையும் மின்கலத்திலிருந்து கழற்றி, நேர்முனையோடு நேர்முனையாக இணைத்தால் என்ன ஆகும்? மின்கலம் தந்தது 18. இப்போது இருப்பதோ 18உம் 18உமாக 36. மிகுதி எங்கிருந்து வந்தது? நெடுநேரம் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தாள். வெளியிலிருந்து எதுவும் வரவில்லை. தீவுக்குள் பிரிந்து நின்ற நேர்ப்பகுதி, கம்பி மாறியதால் இப்போது வேறு அணியில் சேர்ந்துகொண்டது. எதிர்ப்பக்கத்திலும் அவ்வாறே −36. மொத்தக் கொள்ளளவு 9; மின்னழுத்தம் 4 வோல்ட்; மின்னூட்டங்கள் 12, 24.

ஆற்றலையும் கணக்கிட்டாள். முன்பு 81 மைக்ரோ ஜூல், பின்பு 72. குறைந்த ஒன்பதைச் சுட்டிக்காட்டித் தந்தையிடம் கேட்டபோது, அவர் பதில் சொல்லாமல் திருப்புளியின் முனையைக் காட்டினார். அங்கே சற்றுமுன் எழுந்த பொறியின் கரும்புள்ளி இருந்தது.