தோற்ற கையோடு மறுபோட்டி

ஹெவிவெயிட் குத்துச்சண்டையில் தோற்றவர் உடனே மறுபோட்டிக்கு இறங்கலாமா என்ற கேள்வி, மற்ற எடைப்பிரிவுகளைவிடக் கடுமையானது. சிறிய பிரிவுகளில் தோற்ற வீரர் சில கிலோ கூட்டியோ குறைத்தோ பக்கத்துப் பிரிவுக்குப் போய்ப் புதிதாகத் தொடங்கலாம். தொழில்முறைக் குத்துச்சண்டையில் 90.7 கிலோவைத் தாண்டியவர்கள் ஹெவிவெயிட். அதற்கு மேல்வரம்பு கிடையாது. தன்னை வென்றவர் அங்கேதான் வழிமறித்து நிற்பார். இந்த எடையில் விழும் அடியின் கனமும் வேறு. ஆகவே சில மாதங்களில் திரும்பி வருவதா, ஒன்றிரண்டு ஆண்டு பொறுப்பதா என்பதில் மானமும் பணமும் மட்டுமல்ல, உயிரும் உடம்பும் அடங்கியிருக்கின்றன.

பெரும்பாலும் இந்த முடிவு தோற்பதற்கு முன்பே எடுக்கப்பட்டுவிடுகிறது. பட்டம் வைத்திருப்பவர், தான் தோற்றால் மறுபோட்டி கேட்கும் உரிமையை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்வார். 2001 ஏப்ரலில் லெனாக்ஸ் லூயிஸ் தென்னாப்பிரிக்காவில் ஹசீம் ரஹ்மானிடம் ஐந்தாம் சுற்றில் நாக்அவுட் ஆனார். புதிய சாம்பியன் வேறு வழியில் போகப் பார்த்தபோது, லூயிஸ் அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போய் உரிமையை நிலைநாட்டினார். அதே ஆண்டு நவம்பர் 17 அன்று லாஸ் வேகாஸில் நான்காம் சுற்றில் ரஹ்மானைச் சாய்த்தார்.

லூயிஸ் செய்தது சரியா என்பதற்கு மூணாறுக்காரர்கள் எளிதாக விடை சொல்வார்கள். முதல் போட்டி நடந்த பிராக்பான், ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டி, கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மூணாறும் ஏறக்குறைய அதே உயரம்தான். பாலக்காட்டின் சித்தூர், கொழிஞ்சாம்பாறைச் சமவெளியில் ஓடிப் பழகியவர் மூணாறில் ஏறி ஓடினால் முதல் சில நாள் மூச்சு வாங்கும். காற்றழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் உடம்புக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் குறைகிறது. உடம்பு அதற்கேற்ப மாறிக்கொள்ள வாரக்கணக்கில் ஆகும். நீண்டதூர ஓட்டக்காரர்கள் உயரமான இடங்களில் தங்கிப் பயிற்சி எடுப்பது இதற்காகத்தான். ரஹ்மான் முன்கூட்டியே போய் அந்தக் காற்றுக்குப் பழகினார். லூயிஸ் தாமதமாக வந்தார், எடையும் கூடியிருந்தது. காரணம் கண்ணுக்குத் தெரிந்தது, சில மாதங்களில் சரிசெய்யவும் முடிந்தது. அப்படிப்பட்ட தோல்விக்குப் பிறகு காத்திருப்பதில் லாபம் ஒன்றுமில்லை.

காரணம் என்ன என்பதை வைத்தே உடனடி மறுபோட்டியை எடைபோட வேண்டும். இதை ஒரே மனிதரின் வாழ்க்கையில் இருபுறமும் பார்க்க முடிகிறது. ஃபிளாய்ட் பேட்டர்சன் 1959 ஜூன் 26 அன்று நியூயார்க்கில் ஸ்வீடனின் இங்கமார் ஜோஹான்சனிடம் மூன்றாம் சுற்றில் ஏழு முறை விழுந்து பட்டத்தை இழந்தார். பல மாதம் வெளியே தலைகாட்டக் கூசினார். ஆனால் ஜோஹான்சனின் ஆயுதம் ஏறக்குறைய ஒன்றே: வலது கைக்குத்து. அதற்குத் தயாராகிவிட்டால் மிச்சத்தில் பேட்டர்சனே வேகமானவர், கை நுணுக்கம் தெரிந்தவர். ஓராண்டு கழித்து, 1960 ஜூன் 20 அன்று, இடது கொக்கிக் குத்து ஒன்றால் ஐந்தாம் சுற்றில் ஜோஹான்சனை நினைவிழக்கச் செய்தார். இழந்த ஹெவிவெயிட் பட்டத்தை மீட்ட முதல் மனிதர் அவர்தான்.

அந்த வெற்றி கொடுத்த நம்பிக்கையே இரண்டாம் தவறுக்கு வித்திட்டது என்று சொல்லத் தோன்றுகிறது. 1962 செப்டம்பர் 25 அன்று சிகாகோவில் சோனி லிஸ்டன் அவரை 2 நிமிடம் 6 வினாடியில் முடித்துவிட்டார். பத்து மாதம்கூட ஆகவில்லை. 1963 ஜூலை 22 அன்று லாஸ் வேகாஸில் மறுபடி இறங்கினார். இம்முறை 2 நிமிடம் 10 வினாடி. இரண்டு போட்டிக்கும் இடையில் அவர் சேர்த்தது நான்கு வினாடிதான். லிஸ்டன் பத்துக் கிலோவுக்கு மேல் கூடுதல் எடை, கைநீட்டம் ஓர் அடிக்கு மேல் அதிகம், ஒவ்வொரு இடது நேர்க்குத்தும் மற்றவர்களின் வலதுக்கு ஈடானது. பேட்டர்சனின் மேலாளர் கஸ் டமாட்டோ முதல் போட்டியையே விரும்பவில்லை. கைநீளத்தைப் பயிற்சியால் கூட்டிக்கொள்ள முடியாது. பேட்டர்சன் மிக நேர்மையான வீரர், தைரியத்துக்கும் குறைவில்லை. ஆனால் அந்த மறுபோட்டியை யாராவது தடுத்திருக்க வேண்டும்.

அண்மைக்காலத்தில் ஆண்டனி ஜோஷுவா இதே இரட்டைப் பாடத்தைக் கற்றார். 2019 ஜூன் 1 அன்று ஆண்டி ரூயிஸ் அவரை நான்கு முறை வீழ்த்தி ஏழாம் சுற்றில் வென்றார். ஆறு மாதத்தில், டிசம்பர் 7 அன்று சவூதி அரேபியாவின் திரியாவில் மறுபோட்டி. ஜோஷுவா நான்கைந்து கிலோ குறைத்து, கால்வேகத்தை நம்பி, தூரத்திலிருந்தே குத்தி 12 சுற்றும் ஆடி வென்றார். ரூயிஸோ ஏழு கிலோ கூடி வந்திருந்தார். கொண்டாட்டத்தில் பயிற்சியைக் கோட்டைவிட்டதை அவரே பின்னர் ஒப்புக்கொண்டார். உடனடி மறுபோட்டியின் ஓர் அனுகூலம் இங்கே தெரிகிறது: வென்றவர் வெற்றியின் மிதப்பிலிருந்து இறங்குவதற்குள் தோற்றவர் பசியோடு வந்துவிடலாம். உக்ரைனின் உசிக்கிடம் அந்தக் கணக்கு பலிக்கவில்லை. 2021 செப்டம்பரில் தோற்ற ஜோஷுவா, பயிற்சியாளரை மாற்றி 2022 ஆகஸ்டில் முன்னைவிட நன்றாகவே ஆடினார். ஆனால் உசிக்கும் வளர்ந்திருந்தார். எதிராளி ஆட்டத்திலேயே மேலானவர் என்றால் பதினோரு மாத உழைப்பு போதாது. 2024இல் டைசன் ஃபியூரிக்கும் இதுவே நேர்ந்தது: மே மாதம் உசிக்கிடம் தோற்று, டிசம்பரில் மறுபடி தோற்றார்.

பொறுத்தவர்களில் முதன்மையானவர் ஜோ லூயிஸ். 1936 ஜூனில் ஜெர்மனியின் மாக்ஸ் ஷ்மெலிங் அவரைப் பன்னிரண்டாம் சுற்றில் வீழ்த்தினார். குத்திவிட்டு இடது கையைத் தாழ்த்தும் பழக்கம் லூயிஸிடம் இருந்ததை ஷ்மெலிங் கண்டுபிடித்திருந்தார். ஊறிப்போன பழக்கம் ஆறு மாதத்தில் போகாது. லூயிஸ் வேறு பலரோடு மோதி, 1937இல் பட்டமும் வென்று, 1938 ஜூன் 22 அன்றுதான் ஷ்மெலிங்கை மறுபடி சந்தித்தார். 124 வினாடியில் போட்டி முடிந்தது.

வயது இந்தக் கணக்கை மாற்றிவிடும். 1978 பிப்ரவரியில் லியோன் ஸ்பிங்க்ஸிடம் தோற்றபோது முகமது அலிக்கு 36 வயது; இரண்டு ஆண்டு பொறுக்க அவரிடம் காலம் இல்லை. ஏழு மாதத்தில் திரும்பி வந்து, மூன்றாம் முறையாகப் பட்டம் வென்றார். 1980 ஜனவரியில் சென்னை நேரு மைதானத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடிய அலி, அந்த வெற்றிக்குப் பின் ஓய்வு பெற்றிருந்தவர். அத்தோடு நிறுத்தியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! அதே ஆண்டு அக்டோபரில் லாரி ஹோம்ஸிடம் பத்துச் சுற்று அடிவாங்கினார். 1984இல் பார்க்கின்சன் நோய் உறுதியானது.

பாலக்காட்டின் சித்தூர்ப் பக்கத்திலும் இடுக்கியின் மூணாறு, மறையூர்ப் பக்கத்திலும் தமிழர் பலருக்குக் குத்துச்சண்டை என்றதும் நினைவுக்கு வருவது 2021இல் வந்த ‘சார்பட்டா பரம்பரை’ படம். சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்ற வடசென்னைக் குத்துச்சண்டைப் பரம்பரைகளுக்குத் தோல்வி ஒருவருடையது அல்ல, பரம்பரையுடையது. வாத்தியாரின் மானமும் ஏரியாவின் மானமும் ஒருவன் தோளில் ஏறும்போது மறுபோட்டிக்கு நெருக்கடி எல்லாப் பக்கமிருந்தும் வரும். படத்தின் நாயகன் கபிலன்கூட நீண்ட சீரழிவுக்குப் பிறகு, ஓடி வியர்த்து உடம்பைத் திரும்பக் கட்டிக்கொண்டுதான் எதிராளி வேம்புலியின் முன் நிற்கிறான்.

மூளைக்கோ மானக் கணக்கு தெரியாது. தலையில் அடிபட்டு வரும் மூளை அதிர்ச்சி (கன்கஷன்) ஆறுவதற்குள் இரண்டாவது அடி விழுந்தால், முதல் அடியைவிட லேசானதாக இருந்தாலும் விளைவு பலமடங்கு மோசமாகலாம். தொடர்ந்து தலையில் அடிபட்ட வீரர்களிடம் தடுமாற்றமும் குழறலும் வருவதை அமெரிக்க மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட் 1928லேயே எழுதிவிட்டார். அமெச்சூர் குத்துச்சண்டையில் இதனால்தான் விதி கறாராக இருக்கிறது: தலையில் அடிபட்டு நாக்அவுட் ஆனவர் குறைந்தது 30 நாள் மேடையேறக் கூடாது, நினைவு தப்பியிருந்தால் தடை மாதக்கணக்கில் நீளும்.

கேரளத்தின் மாவட்ட, மாநிலப் போட்டிகளில் இறங்கும் இளையவர்களுக்கு மறுபோட்டி உரிமை என்பதே கிடையாது. தோற்றவர் அடுத்த ஆண்டுப் போட்டியில் முதல் சுற்றிலிருந்து வர வேண்டும். எதிராளி அதே எடையில் இருப்பாரா, அட்டவணையில் எதிரே வருவாரா என்பதற்கு உறுதி இல்லை. அதுவரை கிடைக்கும் மாதங்களில் பயிற்சியாளர் செய்ய வேண்டியது, தோற்ற சுற்றுகளைப் பையனோடு உட்கார்ந்து மறுபடி பார்த்து, எந்தக் கை தாழ்ந்தது, எந்த நிமிடத்தில் மூச்சு நின்றது என்று பிடிப்பது. தலைவலியோ தூக்கக் கேடோ இருக்கிறதா என்று வீட்டாரிடம் கேட்டுவிட்டு, அதன்பின் எதிராளியோடு மோதும் பயிற்சிக்கு அனுப்புவது.